மங்கலான படமும் தெளிவான பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், திருப்பத்தூர் வட்டாரக் கண்மாய் ஒன்றில் எடுக்கப்பட்ட பறவைப் படம் ஒன்று மூன்று பத்தி அகலத்தில் வெளியாகியிருந்தது. 'வழி தவறி வந்த அமெரிக்கக் குருகு: கிராம மக்கள் வியப்பு' என்பது அதன் தலைப்பு. படம் மிகவும் மங்கல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்த பிறகு கைப்பேசியில் எடுத்த படம் வேறு எப்படி இருக்கும்? ஆனால் அவ்வளவு மங்கலான படத்துக்குக் கீழே அவ்வளவு தெளிவாக ஒரு பெயரை அச்சிட்டிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அந்தப் பறவை வக்கா, அதாவது இரவில் இரை தேடும் ஒரு கொக்கு வகை. கூட்டை விட்டு வெளியேறிச் சில வாரங்களே ஆன இளம் வக்கா. அமெரிக்காவிலிருந்து அது வரவில்லை. அதே கண்மாயின் உள்வாயில் நிற்கும் நாட்டுக்கருவேல மரம் ஒன்றில் பிறந்து, பெரும்பாலும் அதற்கு அடுத்த மரம் வரைக்கும்தான் வந்திருக்கிறது.

நான் பறவையியல் படித்தவன் அல்லன். பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்திலும் இப்போதும், காலையோ மாலையோ ஒரு வேளையாவது கண்மாய்க் கரையில் நடக்காமல் இருந்ததில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆகவே என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம். விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாத மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. அந்த வழக்கப்படி, இந்த விடைக்கு எப்படி வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தங்கள் படத்தில் உறுதியாகத் தெரிந்தவை மிகச் சில. இலை உதிர்ந்த கிளை ஒன்றில் தடித்த உடலுள்ள பழுப்பு நிறப் பறவை உட்கார்ந்திருக்கிறது. கழுத்து இருக்கும் இடமே தெரியவில்லை. தலை நேராகத் தோளில் வைத்தது போல இருக்கிறது. அலகு கனமானது, தலையின் நீளத்தைவிடச் சற்றே நீளம். முதுகிலும் சிறகிலும் வெண்மையான ஏதோ தூவினாற்போல் ஒரு வெளிறல். கண் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளோ ஆரஞ்சோ என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு புள்ளி. கால்களைக் கிளை மறைக்கிறது. வேறு எதையும் அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பின்னணியில் வானம் மட்டுமே இருந்ததால், பறவை காக்கை அளவா, மயில் அளவா என்பதற்குக்கூட அதில் சான்று இல்லை.

ஆனால் மங்கலான படத்தில் முதலில் அழிவதும் கடைசிவரை நிற்பதும் ஒன்றல்ல. இறகின் கோடுகளும் புள்ளிகளும் முதலில் கரைந்துபோகும்; அடுத்ததாக நிறம் ஏமாற்றத் தொடங்கும். உடலின் வடிவம், தலைக்கும் அலகுக்கும் உள்ள விகிதம், கழுத்தை வைத்திருக்கும் விதம், உட்கார்ந்திருக்கும் சாய்வு ஆகியவை எவ்வளவு மங்கினாலும் பெரும்பாலும் தங்கிவிடும். தெருமுனையில் வரும் தம்பியை முகம் தெரியும் முன்பே நடையை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறோம் அல்லவா, அது போல. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மழையில் நனைந்த காவல்காரர் போலக் குந்தியிருக்கும் அந்தத் தோற்றம் வக்காவின் தோற்றம். இருந்தாலும் தோற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால், அதே கிளையில் உட்காரக்கூடிய மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.

முதலில் நினைக்க வேண்டியது மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். எந்தக் கண்மாயிலும் எந்த நாளும் நிற்பது அதுதான். அடையாளம் தெரியாத பறவையைப் பார்க்கும்போது ஊரில் நூறு இருக்கும் பறவையைத்தான் முதலில் எண்ண வேண்டும்; அது இல்லை என்று நிலைநாட்டிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். மடையானும் பழுப்புதான், அதுவும் கழுத்தை இழுத்துக்கொண்டு உட்காரும். ஆனால் அதன் பழுப்பு கழுத்திலும் மார்பிலும் நெடுங்கோடுகளாக இருக்கும். முதுகு கோடோ புள்ளியோ இல்லாத மண் நிறம். இளம் வக்காவுக்கோ முதுகிலும் சிறகிலும் கண்ணீர்த் துளி வடிவில் பெரிய வெண்புள்ளிகள் உண்டு. படம் மங்கும்போது அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துதான் நான் மேலே சொன்ன வெளிறலாகத் தெரியும். அளவிலும் வேறுபாடு உண்டு. மடையான் ஏறக்குறைய 45 செ.மீ., வக்கா 60 செ.மீ. அளவில் இருக்கும், நீளத்தைவிடப் பருமனில் வேறுபாடு இன்னும் கூடுதல்.

காலின் நிறம் தெரிந்திருந்தால் உதவியிருக்குமே என்று ஒரு நண்பர் கேட்டார். குறுந்தொகையின் 25ஆம் பாடலில், தலைவனும் தலைவியும் சேர்ந்திருந்த நாளில் சாட்சியாக அங்கே நின்றது ஆரல் மீனுக்குக் காத்திருந்த ஒரு குருகு மட்டும்தான் என்று சொல்லும்போது, அதன் கால்கள் தினைத்தாள் போலச் சிறியவை, பசுமையானவை என்று கபிலர் குறித்து வைத்திருக்கிறார். நீரோரம் நின்று பார்த்த கண் அது. ஆயினும் அந்த மங்கிய பசுமஞ்சள் மடையானுக்கும் உண்டு, இளம் வக்காவுக்கும் உண்டு. ஆகவே இந்த வழக்கில் கால் தெரிந்திருந்தாலும் தீர்ப்புக்கு உதவியிருக்காது. எந்த அடையாளம் எந்த இரண்டைப் பிரிக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் அடையாளங்களை எண்ணிக்கொண்டே போவதில் பயனில்லை.

அடுத்தது பெருங்குருகு. அது குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இந்தியாவுக்கு வரும் பறவை, தென்னாட்டில் காண்பது அரிது. 70 செ.மீ.க்கு மேல் வளரும், உச்சந்தலை கறுப்பு, சம்புப் புதருக்குள் அலகை வானத்தை நோக்கி நீட்டி, தானும் ஒரு சம்புத் தட்டை போல நிற்கும். மொட்டை மரக்கிளையில் ஊரே பார்க்க வந்து உட்காரும் வழக்கம் அதற்கு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் செம்பழுப்பான இராக்கொக்கு ஒன்று உண்டு. அதன் குஞ்சும் புள்ளி போட்டது. ஆனால் அது நிழல் அடர்ந்த காட்டோடையை விட்டு வெளியே வராதது. எங்கள் கண்மாயோ வெயில் காயும் சமவெளியில் இருக்கிறது. மிஞ்சியது, தாங்கள் அச்சிட்ட அமெரிக்கக் குருகு. இளம் வக்காவுக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை உண்மையானது. இரண்டும் வாழும் அமெரிக்காவிலேயே புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குபவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். ஆனால் ஒரு பெருங்கடலையும் ஒரு பெருங்கண்டத்தையும் கடந்து அது இங்கே வந்தது என்று எழுதுவதற்கு முன், அதைப் போலவே இருக்கும் உள்ளூர்ப் பறவை ஒன்று அந்த மரத்திலேயே கூடு கட்டுகிறதா என்று ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம். கண்மாயில் மீன் ஏலம் எடுத்தவரிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

காலமும் பொருந்துகிறது. எங்கள் பகுதியில் வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிரம்பிய பிறகுதான் வக்காக்கள் கூடு கட்டும். கார்த்திகை மார்கழியில் முட்டை. தை மாசியில் இப்படிப் புள்ளி போட்ட குஞ்சுகள் கிளை கிளையாகத் தாவித் திரியும். இந்தப் படம் எடுத்தது மாசி தொடக்கத்தில். ஆனால் அந்தத் தேதி தங்கள் செய்தியில் இல்லை. அதை நான் தெரிந்துகொண்டது படம் எடுத்த இளைஞரைத் தேடிப் போய்.

அவர் பக்கத்து ஊரில் இருசக்கர வாகனப் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறார். மிகவும் ஒழுங்கான பிள்ளை; நான் சண்டைக்கு வந்திருக்கிறேனோ என்று முதலில் சற்றுப் பயந்தார். "தம்பி, அன்றைக்கு எடுத்த மற்றப் படங்கள் இருக்கின்றனவா?" என்று கேட்டதும், கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியைக் கொடுத்தார். மொத்தம் ஒன்பது படங்கள். பத்திரிகைக்கு அவர் அனுப்பியது அவற்றில் அழகானது. அடையாளம் காண உதவுபவை அனுப்பாமல் விட்ட எட்டில் இருந்தன. ஒன்றில் அதே கிளையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்திருந்தது. காக்கை 40 செ.மீ. அளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல்; பறவை அதைவிட உயரத்தில் பாதியளவு கூடுதல், பருமனில் அதைவிடவும் கூடுதல். இன்னொன்றில் பறவை எழுந்து பறக்கிறது. அது படமே அல்ல, பழுப்பு நிறத்தில் ஒரு தீற்றல். அவரே அதை அழித்துவிட நினைத்தாராம். என்னைக் கேட்டால் ஒன்பதிலும் விலை உயர்ந்தது அதுதான். மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண்கட்டி போல இருந்தாலும், சிறகை விரித்த கணத்தில் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அந்த வெண்மை எவ்வளவு மோசமான படத்திலும் தெரியாமல் போகாது. இந்தத் தீற்றலில் வெள்ளை என்பதே இல்லை. அதோடு மடையான் வழக்கு முடிந்தது.

'அமெரிக்க' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். படத்தைக் கைப்பேசியில் ஒரு செயலியில் போட்டுப் பார்த்தாராம். அது கொடுத்த பட்டியலில் முதலில் இருந்த பெயரைச் செய்தியாளரிடம் சொல்லியிருக்கிறார். இடத்தையும் தேதியையும் கேட்ட கட்டங்களை நிரப்பாமல் தாண்டிப் போனதாக அவரே ஒப்புக்கொண்டார். நாங்கள் இருவரும் கடை வாசலில் நின்றே மறுபடி போட்டுப் பார்த்தோம். சிவகங்கை மாவட்டம் என்றும் பிப்ரவரி மாதம் என்றும் கொடுத்தவுடன், அதே செயலி அதே படத்துக்கு வக்காவின் பெயரை முதலில் தந்தது. செயலியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கே, எப்போது என்று அது ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. செய்தியாளர் கேட்கவில்லை.

படம் ஏன் இப்படி மங்குகிறது என்பதைப் பற்றியும் ஓரிரு செய்திகள் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனி இப்படிப்பட்ட படங்கள் தங்களுக்கு நாள்தோறும் வரும். கைப்பேசியில் விரலால் இழுத்துப் பெரிதாக்கும்போது, ஓர் எல்லைக்கு மேல் அது பறவையைக் கிட்டக் கொண்டுவருவதில்லை. எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுகிறது. ஒளி குறைந்த நேரத்தில் கேமரா அதிக நேரம் ஒளியை வாங்குவதால் கையின் நடுக்கமும் பறவையின் அசைவும் சேர்ந்து பதிகின்றன. அதன் பிறகு படமெங்கும் எழும் மணல் போன்ற புள்ளிகளை நீக்குவதற்காகக் கைப்பேசியே தானாகப் படத்தை வழவழப்பாக்குகிறது. இறகின் கோடுகளும் அந்தப் புள்ளிகளோடு சேர்ந்து துடைக்கப்பட்டுவிடுகின்றன. மாலை வெயிலில் வெண்மை மஞ்சளாகும்; வானத்தை எதிர்த்து எடுத்தால் எந்தப் பறவையும் கறுப்பாகும். பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் இன்னொரு முறை சுருக்கப்படுவதோடு, எடுத்த நாள், நேரம், இடம் பற்றிப் படத்தோடு ஒட்டியிருந்த குறிப்புகளும் கழன்றுவிடுகின்றன. அதே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் இரண்டும் தப்பும். வாசகர்களிடம் படம் கேட்கும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துப் போட்டால் போதும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு அச்சம் தருவது, மங்கிய படத்தைத் 'தெளிவாக்கித் தரும்' புதிய செயலிகள். இல்லாத விவரத்தை அவை எங்கிருந்து எடுக்கும்? தாமாகவே இறகு வரைகின்றன. அந்த இளைஞரின் நண்பர் ஒருவர் இப்படத்தை அவ்வாறு தெளிவாக்கி ஊர்க் குழுவில் போட்டிருந்தார். பளிச்சென்று இருந்தது. கண்ணைச் சுற்றி ஒரு வளையமும், கழுத்தில் நேர்த்தியான வரிகளும் முளைத்திருந்தன. உலகத்தில் எந்த நாட்டிலும் இல்லாத பறவை அது. மங்கலான படம் நமக்குத் தெரியாததைத் தெரியாது என்றாவது சொல்லும். இப்படிப்பட்ட படத்துக்கு அந்த நாணயமும் கிடையாது. தங்கள் அலுவலகத்தில் அச்சுக்கு முன் இவ்விதமான கருவி எதையும் பறவைப் படங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். 1990களில், உறவினர் ஒருவரின் ஃபிலிம் கேமராவை இரவல் வாங்கி, வேப்ப மரத்தில் உட்கார்ந்திருந்த சாம்பல் நிறப் பறவையை எடுத்தேன். 36 படச் சுருளை முடித்து, காரைக்குடியில் கழுவக் கொடுத்து வாங்கி வர இரண்டு வாரம் ஆயிற்று. மார்பில் வரிகள், வாலில் பட்டைகள். குருவிகளெல்லாம் கத்திக்கொண்டு அதை விரட்டின. வல்லூறு என்று எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். மூன்றாம் நாள், சத்துணவுக் கூடத்துக்கு விறகு கொண்டுவந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரய்யா, இது அக்காக்குயில்லய்யா, மூக்கு நேரா இருக்கு பாருங்க" என்றார். பார்த்தேன். வல்லூறின் அலகு வளைந்த கொக்கி. படத்தில் இருந்ததோ குயிலின் நேரான அலகு. என் படம் மங்கல்கூட இல்லை. நான் வல்லூறைப் பார்க்க ஆசைப்பட்டேன், ஆகவே வல்லூறைப் பார்த்தேன். அந்தக் குருவிகளும் ஏமாந்தவைதான் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அக்காக்குயில் பறக்கும் விதம்கூட வல்லூறை ஒத்தே இருக்கும்.

கற்றறிந்தவர்களுக்கும் இது நேர்கிறது. அமெரிக்காவில் தந்த அலகு மரங்கொத்தி என்ற பறவை 1944க்குப் பிறகு எல்லோரும் ஏற்கும்படி எவராலும் காணப்படவில்லை. 2004 ஏப்ரலில் ஆர்கன்சாஸ் மாநிலத்துச் சதுப்புக் காட்டில், படகில் இருந்த காணொளிக் கருவியில் ஒரு மரங்கொத்தி சில விநாடிகள் மங்கலாகப் பறந்து மறைந்தது. அதை முதன்மைச் சான்றுகளில் ஒன்றாக வைத்து, அழிந்ததாகக் கருதிய பறவை உயிரோடு இருக்கிறது என்று 2005இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. மறு ஆண்டே அதே இதழில் பறவை வல்லுநர் டேவிட் சிப்லி முதலானோர், அந்தக் காட்டில் சாதாரணமாகக் காணப்படும் கொண்டை மரங்கொத்தியின் சிறகு திரும்பும்போது அடிப்பக்க வெண்மைதான் அப்படித் தெரிகிறது என்று மறுத்து எழுதினார்கள். ஒரு சிறகின் வெண்மை மேல்பக்கமா அடிப்பக்கமா என்பதுதான் வழக்கு. இன்றுவரை எல்லோரும் ஏற்கும் தீர்ப்பு வரவில்லை.

இதற்கு நேர்மாறான கதை நம் நாட்டிலேயே உண்டு. மத்திய இந்தியக் காடுகளில் வாழும் காட்டுச் சிறு ஆந்தை ஒன்றின் உடல்கள் 19ஆம் நூற்றாண்டில் சேகரிக்கப்பட்டன; 1884க்குப் பிறகு எதுவும் இல்லை. ஆனால் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் என்ற ஆங்கிலேயர் 1914இல் குஜராத்தில் தாமே சுட்டதாகச் சீட்டுக் கட்டிய உடல் ஒன்று லண்டன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருந்தது. அதில் மங்கல் ஏதுமில்லை. முழுப் பறவையே கையில் இருந்தது. பொய்யாக இருந்தது சீட்டுதான். வேறொருவர் முன்பே சேகரித்த உடலைத் திருடி, புதிய இடமும் தேதியும் எழுதி மாட்டியிருக்கிறார் என்று பறவையியலாளர்கள் பமீலா ராஸ்முசனும் நைஜல் காலரும் ஆராய்ந்து காட்டினார்கள். அந்தச் சீட்டைப் புறந்தள்ளிவிட்டு, பழைய உண்மையான சீட்டுகள் காட்டிய இடங்களுக்குச் சென்று தேடியதால்தான், 1997 நவம்பரில், 113 ஆண்டுகளுக்குப் பிறகு, மகாராஷ்டிரத்தில் ஷஹாதாவுக்கு அருகே ராஸ்முசன் குழுவினர் அந்த ஆந்தையை உயிரோடு கண்டார்கள். பழுது பார்க்கும் கடைப் பிள்ளையின் தீற்றலுக்குப் பின்னால் உண்மையான நாளும் உண்மையான இடமும் இருக்கின்றன. அந்த வகையில் அது அருங்காட்சியகத்து உடலைவிட மேலான சான்று என்று நான் எண்ணுகிறேன்.

'வெளிநாட்டு' என்ற அடைமொழி மேல் நமக்கு உள்ள மோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரணாலயங்களைப் பற்றி ஆண்டுதோறும் வரும் செய்திகளில், வெளிநாட்டுப் பறவைகள் இங்கு வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துத் திரும்புகின்றன என்ற வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் வக்காக்களும் அரிவாள் மூக்கன்களும் இந்த மண்ணின் பறவைகள். மங்கோலியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் வரும் பட்டைத்தலை வாத்து இங்கே கூடு கட்டுவதில்லை. பனிக்காலத்தைக் கழித்துவிட்டு முட்டையிடத் தன் ஊருக்கே போய்விடும். கூடு கட்டும் இடம்தான் சொந்த ஊர் என்றால், அந்த வாக்கியம் இரண்டு வகைப் பறவைகளுக்கும் ஊரை மாற்றிவிடுகிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். செய்தி வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் அந்தக் கண்மாய்க் கரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. அமெரிக்கப் பறவையைப் பறக்க வைத்துப் படம் எடுப்பதற்காகப் பையன்கள் மரத்தில் கல் எறிந்தார்கள். நான் தடுத்ததற்கு, "பேப்பர்லயே போட்டிருக்கு தாத்தா" என்று ஒருவன் செய்தியைக் காட்டினான். அந்த மரங்களில் அப்போதும் பறக்கத் தெரியாத குஞ்சுகள் கூட்டில் இருந்தன. அவற்றில் ஒன்று நீரில் விழுந்து கிடந்ததை நான் கண்டேன். சில கல் தொலைவில், வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருந்து வருகிறார்கள். அதே வட்டாரத்தில்தான் இதுவும் நடந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவே. வாசகர் அனுப்பும் பறவைப் படத்தை வெளியிடும்போது எடுத்த நாள், நேரம், ஊர், பறவை என்ன செய்துகொண்டிருந்தது, காக்கையோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரியது என்பவற்றைக் கேட்டு அச்சிடுங்கள். ஒரே ஒரு படத்தை வாங்காமல் எடுத்த எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். குரல் கேட்டதா என்றும் கேளுங்கள். இந்தப் படத்துக்கே அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கும். இருட்டும் நேரத்தில் தலைக்கு மேலே 'வக்' 'வக்' என்று ஏதோ கத்திக்கொண்டு போயிற்று என்று அந்தப் பிள்ளை தானாகவே என்னிடம் சொன்னார். பெயர் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே போடுங்கள். கீழே தெரிந்தவர்கள் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்தால் பத்துக் கடிதமாவது வரும். கூடு இருக்கும் மரத்தையும், உண்மையிலேயே அரிய பறவை தங்கும் இடத்தையும் மட்டும் துல்லியமாகக் காட்ட வேண்டாம். அதற்கு மாவட்டத்தின் பெயர் போதும்.

திருத்தம் வெளியிடுவதானால், படம் எடுத்தவரைக் குறை சொல்லும் தொனி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அவருடைய இசைவோடு ஒன்பது படங்களையும் எடுத்த நாள், நேரக் குறிப்போடு தங்கள் மின்னஞ்சலுக்கு ஆவணமாக அனுப்பியிருக்கிறேன். ஏழாவது படத்தின் வலது கீழ் ஓரத்தில், சேற்றில் இன்னொரு பறவை இருக்கிறது. இதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. மூன்று நாளாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும், நீண்ட அலகுள்ள உள்ளான் வகையில் ஏதோ ஒன்று என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பெயர் எதுவும் போட வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
திருப்பத்தூர் வட்டம், சிவகங்கை மாவட்டம்.